கண்டியில் ஓர் அல்ஹம்ரா

1

போன வாரம் கடைப் பலகைக்குப் புது வர்ணம் அடிக்க ஓர் ஆள் வந்தான். கடை திறந்து பதினான்கு வருடம் முடிகிறது. பலகையில் எழுத்து இருக்கும் இடத்தைவிடக் கறையான் தின்ற இடம்தான் அதிகம். அவன் ஏணியில் ஏறி நின்றுகொண்டு, "இந்தப் பேருக்கு என்னா அர்த்தம், மொதலாளி? தெரிஞ்சா அதுக்கேத்த கலர்ல அடிச்சிருவேன்" என்றான்.

சாதாரணமாகக் கேட்டுவிட்டான். பதில் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் அவன் ஏணியை விட்டு இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்து, இரண்டு பணிஸ் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப செகப்பா, வெள்ளையாங்க?" என்று மறுபடியும் ஆரம்பத்துக்கே வந்தான். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து என்று முடிவு செய்து அவனை அனுப்பி வைத்தேன்.

நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் கடல் கடந்து வாழ்பவர்களின் அனுபவங்களை எழுதி அனுப்பச் சொல்லி இரண்டு கடிதம் போட்டுவிட்டார். ரங்கூன்காரர்களும் பினாங்குக்காரர்களும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அவர்களுக்குப் புயல், கொள்ளைக்காரர், கப்பல் உடைதல் என்று வளமான அனுபவங்கள் வாய்த்திருக்கின்றன. நான் கண்டியில் தேத்தண்ணி விற்கிறேன். என் கப்பல் ஒழுங்காகத் தூத்துக்குடியில் புறப்பட்டு ஒழுங்காகக் கொழும்பில் நின்றது. எனக்கு வந்த ஒரே ஆபத்து என் கடையின் பெயரால் வந்தது. அதையே எழுதுகிறேன்.

2

கண்டிக்கு வரும்வரை நான் மூர் இல்லை.

வந்த அடுத்த வருடம் குடிசனக் கணக்கெடுக்க ஒருவர் பெரிய புத்தகத்தோடு வந்தார். என்ன இனம் என்று கேட்டார். தமிழ் பேசும் முஸ்லிம், திருச்செந்தூர்ப் பக்கம் என்றேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. தமிழர் கட்டத்தில் போடவா என்றால் மதம் இடிக்கிறது, மலாய்க்காரர் கட்டத்தில் போடவா என்றால் மூக்கு இடிக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். கடைசியில், "இந்தியன் மூர்" என்று எழுதி மை ஒற்றினார். தமிழில் கேட்டதற்கு இந்தியச் சோனகர் என்றார். இவ்வளவுதான் சடங்கு.

அப்போது நான் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வரும் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பேசி முடித்திருந்தேன். வீட்டுக்காரி டொறத்தி நோனா. பறங்கிச் சாதி, ரயில்வே கார்டாக இருந்த கணவர் இறந்துபோய், ஒரு பியானோவோடும் மூன்று பூனையோடும் பின்கட்டில் தனியாக இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அழகியா என்று கேட்டால் ஆம். வெயிலில் இரண்டு அடி நடந்தால் கன்னம் இரண்டும் மாதுளை மாதிரி ஆகிவிடும். பொய் சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை.

கணக்கெடுக்கிறவர் போனதும் நோனா, எனக்கு அதற்குள் பழகிவிட்ட ஆங்கிலமும் சிங்களமும் கலந்த பாஷையில், என்னைக் கூப்பிட்டாள். "நீ மூராமே? ஐயோ, முந்தியே சொல்ல வேணாமா மேன்!" என்று உள்ளே போய் ஒரு தபாலட்டைப் படத்தோடு வந்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் தம்பி ஸ்பெயின் தேசத்திலிருந்து அனுப்பியது. குன்றின்மேல் ஓர் அரண்மனை, கம்பிவலை பின்னியது போன்ற வளைவுகள், நடுமுற்றத்தில் கல்லுச் சிங்கங்கள் சூழ்ந்த நீரூற்று. "பார், உங்க ஆக்கள் கட்டினது. அல்ஹம்ப்ரா."

என் ஆட்கள் கட்டியது கருவாட்டு மூட்டை மட்டும்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, அரசாங்கமே மூர் என்று எழுதிவிட்ட பிறகு நான் மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடைக்கு அந்தப் பெயரையே வைத்தேன். பலகை எழுதுகிறவனுக்குக் காட்டுவதற்காக நோனா அட்டையின் பின்பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

அன்றே ஊருக்குக் கடிதம் எழுதினேன். "அல்ஹம்ப்ரா என்ற பெயரில் ஹோட்டல் திறந்திருக்கிறேன். மூர் அரசர்களின் அரண்மனையை ஒத்தது. தூண்கள் பன்னிரண்டு. முற்றத்தில் எந்நேரமும் நீர் பொழிந்துகொண்டிருக்கிறது." பின்கட்டுக் குழாய் பழுதாகி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை.

3

அரண்மனைக்குப் பெயர் வைப்பது சுலபம். அதை மற்றவர்கள் வாயில் நுழைய வைப்பதுதான் பாடு.

கடையில் தேத்தண்ணி ஆற்ற கருப்பையாவைச் சேர்த்துக்கொண்டேன். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவர், என் வயதுக்காரர். பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று முறை முயன்றுவிட்டு, "அலம்பரா" என்று முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனுக்கு இறங்கும் தோட்டத்து மக்கள் அதையும் திருத்தி, "அலம்புற கடை" என்றார்கள். கோப்பையை நன்றாக அலம்பித் தருகிற கடை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். இதனால் ஒவ்வொரு கோப்பையையும் உண்மையிலேயே அலம்ப வேண்டிய கட்டாயம் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

சிங்களவர்களுக்கு முதல் இரண்டு எழுத்து மட்டும் காதில் விழுந்தது. "அல" என்றால் அவர்கள் பாஷையில் கிழங்கு. கலகெதரப் பக்கத்திலிருந்து வண்டியோட்டி வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கிழங்கு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இல்லை, இல்லை என்று ஒரு வருடம் சொன்னோம். ஒருநாள் காலை அடுப்பில் ஒரு பெரிய பானை நிறையக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"என்ன கருப்பையா இது?"

"கேக்குறவங்களுக்கு இல்லே இல்லேன்னு எத்தன நாளைக்குங்க சொல்றது? பேர மாத்துறதவிட கெழங்க அவிக்கிறது லேசுங்க மொதலாளி."

இப்போதும் எங்கள் கடையில் நன்றாக விற்பது அவித்த கிழங்கும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும்தான். ஸ்பெயின் அரசர்கள் அதை மன்னிக்க வேண்டும்.

4

என் மனைவி மைமூனை ஊரிலே விட்டுவிட்டு வந்தவன் நான். கப்பல் ஏறும்போது மகள் கதீஜா கைப்பிள்ளை. எட்டு வருடத்தில் ஒரே ஒரு முறை, ஒரு மாதம், ஊருக்குப் போய் வந்தேன். நம் ஊரில் இது புதிதல்ல. பாதி வீடுகளில் ஆண்கள் கடிதமாகத்தான் இருக்கிறார்கள். அதனால் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டாம் வருடம் அவளுடைய வாப்பா மௌத்தானார். நாற்பதாம் நாள் கழிந்ததும் மச்சானிடமிருந்து இரண்டே வரியில் ஒரு கடிதம்: நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று பார்த்தோம், கூப்பிடவில்லை, வெள்ளிக்கிழமை வந்து சேர்கிறோம். அப்படியே வந்து சேர்ந்தார்கள். மைமூன் குதிரை வண்டியை விட்டு இறங்கி, பலகையை அண்ணாந்து பார்த்தாள். கடைக்குள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தொழுகைக்கு ஒளூச் செய்யத் தண்ணி எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். மச்சான் இரண்டு நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார், குடும்ப மானம் கருதிக் கண்டதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

நோனா பின்கட்டில் இரண்டு அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். பாஷைக் குழப்பம் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் ஆலிமின் மனைவி பார்க்க வந்தவள், மரியாதையாக, "எப்படி தாத்தா சுகமா?" என்று கேட்டாள். கண்டி முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. இருபத்தாறு வயது மைமூனுக்கு அது யார் சொல்லித் தெரியும்? அன்று முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சில நாளில் கதீஜா தெருப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பிடித்துக்கொண்டு, என்னை, "தாத்தா" என்று கூப்பிட்டாள். சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பா. இப்படி ஒரே மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு வழியில் தாத்தா ஆனோம்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கதீஜா நோனாவின் பியானோவுக்கு முன் கிடந்த கதிரையில் போய் ஏறிக்கொண்டாள். காலையில் ஓதல் முடிந்ததும் அங்கேதான். எட்டு மாதத்தில் ஆங்கிலம் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் வீடு பெருக்கும்போது வேதக்கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். மைமூன் துடைப்பத்தைப் பிடுங்கினாள்.

"இது என்ன பாட்டு புள்ளே?"

"தெரியாது உம்மா. மேலே போய் மேலே போய் இறங்குது. நல்லா இருக்கு."

மைமூன் என்னைப் பார்த்தாள். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு உள்ளே போனாள். அவள் சொல்லாமல் விடுவதெல்லாம் எங்கோ அடுக்கி வைக்கப்படுகிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

5

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, யாரோ ஆலிமிடம் என் கடைப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். நல்ல மனிதர், நல்ல படிப்பு, ஆனால் எப்போதும் எங்காவது ஒரு விருந்துக்குப் போகிற அவசரம். "அல்-ஹம்ரா. அறபுச் சொல். சிவத்தவள்ண்டு கருத்து. பலகையில நடுவில ஒரு 'பி' போட்டிருக்கீங்களே, அது பிழை, எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மார்க்கம் தெரிந்தவர் சொன்னால் மறுப்பதா? மறுநாளே ஆளைக் கூப்பிட்டு 'பி'யை அழித்தேன்.

ஆலிமின் வீட்டுக்கும் விஷயம் போயிற்று. அங்கிருந்து என் வீட்டுக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை. "ஒங்கட மாப்பிள்ளைட கடைக்கி 'சிவப்பி'ண்டு பேராமே, தாத்தா!" என்று ஆலிமின் மனைவி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

அன்று மதியம் சோற்றை வைத்துவிட்டு மைமூன் எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு அந்தச் சிவப்பி?"

"எந்தச் சிவப்பி?"

"பலகை அடிச்சு வெளியே தொங்க விட்டிருக்கியளே, அவதான்."

"அது ஓர் அரண்மனை, மைமூன். ஸ்பெயின்ல."

"அரண்மனைக்கு என்னத்துக்குப் பொம்புளைப் பேரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத முகத்துக்கும் திருட்டு முகத்துக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை போலிருக்கிறது.

"நான் கறுப்பு" என்றாள் அவள், சண்டைக் குரலில் அல்ல, கணக்குச் சொல்வது போல. "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே உங்க வூட்டுல அதைச் சொல்லித்தான் காபியைக் குடிச்சாஹ. உங்களுக்குச் சிவப்பு வேணும்னா அப்பவே சொல்லியிருக்கலாம்."

அடுத்த நாள் என் ட்ரங்குப் பெட்டியில் அந்தத் தபாலட்டை அவள் கையில் அகப்பட்டது. பின்பக்கத்தைக் கதீஜாவிடம் காட்டினாள். பிள்ளை வெகு சந்தோஷமாக எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இது நோனாட கையெழுத்து, உம்மா! அவங்க 'ஆர்' போட்டா இப்படித்தான் வால் நீட்டுவாங்க" என்றாள். படிக்க வைத்ததற்கு முதல் பலன் எனக்குத்தான் கிடைத்தது.

6

நேராக ஆலிமிடம் ஓடினேன். "நீங்க பாதி சொல்லிட்டுப் போயிட்டீங்க, என் குடும்பம் பாதியா நிக்குது" என்றேன்.

அவர் தாடியைத் தடவினார். "அறபுல கோட்டைக்கி 'கல்ஆ'ண்டு சொல்ற. அது பெண்பால் சொல்லு. கோட்டை பெண்பால்ண்டா, சிவப்பும் பெண்பாலாத்தான் வரணும். 'கல்ஆ ஹம்ரா', சிவப்புக் கோட்டை. அவ்வளவுதான். அதில பொம்பள ஒருத்தியும் இல்ல."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"கந்தூரிச் சோறு ஆறிப் போயிருக்கும்" என்றார், துளியும் வெட்கம் இல்லாமல்.

இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் லைசன்ஸ் கந்தோரிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டான். அந்த வருட லைசன்ஸைப் புதுப்பிக்கும் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டுக்கொண்டு கேட்டார்: "உம்மட பலகையில இருந்த B எங்க காணும் போச்சுது?"

"ஆலிம் எடுக்கச் சொன்னாருங்க."

"ஆலிம் சொன்னாலென்ன, ஆளுநர் சொன்னாலென்ன. பதிவில B கிடக்குது. பலகையில B இல்லை. அப்ப இது ரெண்டு கடை. ஒண்டுக்கு லைசன்ஸ் இருக்கு, கடை இல்லை. மற்றதுக்குக் கடை இருக்கு, லைசன்ஸ் இல்லை."

ஓர் எழுத்து போனதில் ஒரு கடை இரண்டாகிவிட்டது. நான் கைகட்டி நின்று முழுக் கதையையும் சொன்னேன்: மூர், தபாலட்டை, சிவப்பி, பெண்பால், மைமூன். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "பொறும். நான் லைப்ரறியில பெரிய புத்தகத்தில பாத்துக்கொண்டு வாறன்" என்றார். அரசாங்கக் கந்தோரில் ஒருவர் எனக்காக எழுந்து போகச் சம்மதித்தது அதுவே முதல் முறை.

மூன்றாம் நாள் மாலை கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு துண்டுக் காகிதம். கருப்பையா கிழங்கு வைத்தார். கிளாக்கர் கிழங்கைத் தின்றுகொண்டே வாசித்தார்.

"பேருக்கு மூண்டு காரணம் சொல்லுகினம். ஒண்டு, சுவர் கட்டின மண் சிவப்பு. ரெண்டு, அதைக் கட்டத் தொடங்கின அரசனுக்குச் 'சிவப்பன்ர மகன்' எண்டு பட்டப்பேர். தாடி சிவப்பாம். மூண்டு, இரவிரவாத் தீப்பந்தம் கொளுத்தி வைச்சுக் கட்டினவையாம், அந்த வெளிச்சத்தில சுவரெல்லாம் சிவப்பாத் தெரிஞ்சுதாம்."

"இதுல எதுங்க நெசம்?" என்று கேட்டது கருப்பையா.

"மண்தான். அந்த அரசன் பிறக்க முந்தியே குன்றில ஒரு பழைய கோட்டை இருந்தது, அதுக்கே அந்தப் பேர்தான். பேர் முந்தி, தாடி பிந்தி. வெளிச்சக் கதை கேக்க வடிவாக் கிடக்கு, அவ்வளவுதான்." காகிதத்தைத் திருப்பினார். "இன்னுமொண்டு. அந்த நாளில சுவருக்கு வெள்ளை அடிச்சிருந்தவையாம். பேர் சிவப்பு, ஆள் வெள்ளை."

"அந்த 'பி'?"

"அது ஸ்பானியன்ர வாய். m-உம் r-உம் சேந்து வர அவனுக்கு நாக்குப் புரளேல்லை. நடுவில ஒரு b வந்து குந்திக்கொண்டுது." கருப்பையாவைப் பார்த்துச் சிரித்தார். "உம்மட அலம்பராவைப் போலத்தான்."

எழுந்து போகும்போது கடைச் சுவரைப் பார்த்து நின்றார். மழைக்காலம், தெருவின் செம்மண் தெறித்து, நான் அடித்த வெள்ளைக்கு மேல் இடுப்பளவு சிவப்பு ஏறியிருந்தது. "சோக்கான பொருத்தம் காணும்" என்றார். 'பி'யைத் திரும்பப் போடுவதாக எழுதிக் கொடுத்தேன். கடை மறுபடி ஒன்றாயிற்று.

அந்தத் துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கில் ஜெயித்தவன் மாதிரி பின்கட்டுக்கு ஓடினேன். மைமூன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

7

நான் தடுத்தேன். அவள் கேட்கவில்லை. தனுஷ்கோடிக்கு வந்து அழைத்துப் போகும்படி அவள் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, ஏற்கெனவே ஆலிம் வீட்டிலிருந்து தந்தி போயிருந்தது. கதீஜாவையும் கூட்டிக்கொண்டு தலைமன்னார் வழியாகப் போகிறாள். தலைமன்னார் வண்டியைப் பொல்காவலையில் மாறிப் பிடிக்க வேண்டும். பொல்காவலை வரை நான் வருகிறேன் என்றேன். அதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை.

கண்டியிலிருந்து வண்டி புறப்பட்டதும் நான் காகிதத்தை எடுத்தேன். பேராதனையில் சிவப்பு மண்ணைச் சொன்னேன். கடுகண்ணாவை இறக்கத்தில் சிவந்த தாடியைச் சொன்னேன். கதீஜா ஜன்னலை விட்டுத் திரும்பி, அந்த அரசன் மருதாணி வைத்திருப்பானா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். தீப்பந்தம், பெண்பால், கோட்டை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மைமூன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கீழே தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே வந்தாள்.

பொல்காவலையில் இறங்கி, பெட்டியின்மேல் அவள் உட்கார்ந்தாள். கதீஜா என்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்கச் சற்றுத் தள்ளிப் போனாள்.

"சொல்லி முடிஞ்சுதா?" என்றாள் மைமூன்.

"முடிஞ்சுது. நம்ப மாட்டேங்கிறியே."

"நம்புறேன். நோனாக்கிட்ட நானே கேட்டுட்டேன்."

"எப்படிக் கேட்டே? உனக்கு அவ பாஷை தெரியாதே."

"கதீஜாவை வச்சுத்தான். 'என் வாப்பாவை உங்களுக்குப் புடிக்குமா'ன்னு கேளு புள்ளேன்னேன். கேட்டுது. அந்த அம்மா சிரிச்ச சிரிப்புல கதிரை உடையப் பார்த்துச்சு. எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம அவ வாசல்ல வந்து நின்னு, மைமூன் மீனாணம் இப்படி வைப்பா, மைமூன் இப்படிச் சிரிப்பான்னு நீங்க பேசிப் பேசி அவளுக்குக் காது புளிச்சுப் போச்சாம். என் பேரைக் கேட்டாலே பூனையெல்லாம் எழும்பிப் போயிடுமாம்."

"அப்போ ஏன் போறே?"

அவள் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "அவ்வளவு பேசுன மனுஷன் ஏன் என்னைக் கூப்பிடல? அதைச் சொல்லுங்கோ. தாடியும் மண்ணும் எனக்கு என்னத்துக்கு?"

வீடு கிடைக்கவில்லை என்றேன். கண்டிக் குளிர் பிள்ளைக்கு ஆகாது என்றேன். அவள் காத்திருந்தாள்.

"கதீஜாவுக்கு ரெண்டு வயசுல அம்மை போட்டுச்சு, தெரியுமா?"

தெரியாது.

"தெரியாது. நான் எழுதல. எழுதினா நீங்க அங்க கிடந்து தவிப்பியன்னு எழுதல. பதினஞ்சு நாள் வேப்பிலையும் கையுமா ஒத்தையில உட்கார்ந்திருந்தேன். புள்ளை பொழைச்ச அன்னிக்கு உங்க காயிதம் வந்துச்சு. முத்தத்துல நீர் பொழியுதுன்னு எழுதியிருந்திய."

பிளாட்பாரத்தில் ஒருவன் தாம்பிலி இளநீர் விற்றுக்கொண்டு போனான். எனக்கு அவனைக் கூப்பிட்டு ஏதாவது வாங்கிப் பேச்சை மாற்ற வேண்டும் போலிருந்தது. கூப்பிடவில்லை.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"அரண்மனைன்னு எழுதிட்டேன். இங்கே இருந்தது ரெண்டு பெஞ்சும் ஒரு கெண்டியும். அடுத்த வருஷம் பெரிசா ஆக்கிட்டுக் கூப்பிடலாம்னு நெனச்சேன். அடுத்த வருஷமும் ரெண்டு பெஞ்சுதான். மூணாவது வருஷம் மூணாவது பெஞ்சு வந்துச்சு, முதல் பெஞ்சு உடைஞ்சு போச்சு. நீ வந்து பார்த்தா என் முகத்தை எங்கே வச்சுக்கிறது? அதான் கூப்பிடல. வேற ஒண்ணும் இல்ல, மைமூன்."

முப்பத்தைந்து வயது இந்தியன் மூர் ஒருவன் பொல்காவலை ஸ்டேஷனில் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போர்ட்டர் ஒருவர் அக்கறையாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மைமூன் மிக மெதுவாக, "பன்னிரண்டு தூணுன்னு எழுதியிருந்திய" என்றாள்.

"எழுதினேன்."

"வந்து இறங்குன அன்னிக்கே எண்ணினேன். ரெண்டு. அதுலயும் ஒண்ணு சாஞ்சு நிக்கிது."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்குறது? தெருவுல ஒவ்வொரு கலியாண வூட்டுலயும் உங்க காயிதத்தை வாசிக்கச் சொல்லி உம்மா கேப்பாஹ. நானே எத்தனை தடவை வாசிச்சிருக்கேன்." முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். "இங்க வந்த மறு வாரம் உம்மாவுக்கு ஒரு காயிதம் போட்டேன்ல?"

"ஆமா."

"அதுல பதினாலு தூணுன்னு போட்டுட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நான் பன்னிரண்டுதானே சொன்னேன்?"

"நான் வந்த பொறவு ரெண்டு கூட்டிக் கட்டினதா இருக்கட்டும்னுதான்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தலைமன்னார் வண்டி வருகிற மணி அடித்தது. சனம் மூட்டை முடிச்சோடு எழுந்தது. கதீஜா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மைமூன் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உம்மா, வண்டி!" என்றாள் கதீஜா.

"தெரியுது." என்னிடம் திரும்பினாள். "இப்போ ஊருக்குப் போனா, பதினாலு தூணை விட்டுட்டு ஏன் வந்தேன்னு கேப்பாஹ. என்ன சொல்லட்டும்?"

"தெரியலியே."

"எனக்கும்தான் தெரியல. கண்டி வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு வாங்கோ. காக்கா தனுஷ்கோடிக்குக் கிளம்புறதுக்கு முந்தி இன்னொரு தந்தியும் அடிச்சிருங்கோ. இனிமே புள்ளைக்கு அம்மை போட்டாலும், பெஞ்சு உடைஞ்சாலும், ஒருத்தருக்கொருத்தர் நெசத்தைத்தான் சொல்லணும். ஊருக்கு என்ன வேணும்னாலும் எழுதிக்கிடலாம்."

தலைமன்னார் வண்டி எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

8

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது கடையில் ஒன்பது மேசை. கருப்பையா பங்காளி. கதீஜாவுக்குப் பியானோ நன்றாக வருகிறது. நோனாவிடம் கற்ற பாட்டுகளுக்கு நம் ஊர்த் தாலாட்டின் சொற்களைப் போட்டுப் பாடுகிறாள், அது எந்த மார்க்கத்தில் சேரும் என்று ஆலிமுக்கே சொல்லத் தெரியவில்லை. மைமூனுக்கும் நோனாவுக்கும் இன்னும் பொதுப் பாஷை இல்லை. ஆனாலும் மாலையில் பின்கட்டில் இரண்டு பேரும் எதையோ வெகு நேரம் பேசுகிறார்கள். என்னைக் கண்டால் நிறுத்திவிடுகிறார்கள்.

ஊருக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று மைமூன் சொன்னாள் அல்லவா? அதனால் இந்த முறை நிஜத்தையே எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வாசிக்க வருவது அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ். இந்தப் பத்திரிகை அச்சுத் தமிழில் வருகிறது. கதீஜா ஆங்கிலம் என்றால் கடகடவென்று வாசிப்பாள், தமிழ் எழுத்தைத் தடவித் தடவித்தான் கூட்டுவாள். அந்தத் தைரியம்தான்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அவசியம் கடைக்கு வாருங்கள். கிழங்கு சூடாக இருக்கும், கோப்பை அலம்பியிருக்கும். தூண் இரண்டுதான், சாய்ந்ததை நிமிர்த்தியாயிற்று. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். என் மாமியார் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பதினாறு ஆகிவிட்டதா என்று போன கடிதத்தில்கூட விசாரித்திருந்தார்கள்.